ஓட்டையில்லாத கோப்பு

எனக்கு ஃபோனில் பேச வராது. மணி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒருமுறை எச்சிலை விழுங்கிக்கொள்வேன். எடுத்ததும் சொல்ல நினைத்தது மறந்துபோகும். நேரில் இன்னும் மோசம். போன வாரம் விசாரணை அறையில் உங்கள் மூவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எதைக் கேட்டாலும் "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொன்னது அதனால்தான். நடுவில் இருந்தவர் தன் தாளில் "எதையோ மறைக்கிறார்" என்று எழுதினார். எழுத்து தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடியும். நான் எதையும் மறைக்கவில்லை. உங்களுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எழுதுவதென்றால் எனக்குச் சிரமம் இல்லை. எழுதித் தருகிறேன்.

இது மன்னிப்புக் கடிதம் அல்ல. உங்கள் அறிக்கையின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அதன் நான்காம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. இறந்தவரின் இதயப் பதிவில் இரண்டு இடங்கள் விடுபட்டிருப்பதற்கு, மார்பில் ஸ்டிக்கர் சரியாக ஒட்டப்படாததே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒட்டியவர் அவருடைய மனைவி. எங்கள் கிளினிக்கின் நர்ஸ். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒட்டிய ஸ்டிக்கர் தானாகக் கழன்றதாக மூன்று வருடத்தில் ஒரு பதிவு கிடையாது. பிழையான ஒரு வாக்கியம் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கோப்பில் போய் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல்தான் உங்கள் அறிக்கை தடம் மாறியிருக்கிறது.

நான் இயற்பியல் படித்தவள். இதய கிளினிக்கின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது பதிவு அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு திரை, ஒரு இன்டர்காம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை. மயக்கம், படபடப்பு என்று வருகிறவர்களை டாக்டர் அங்கே அனுப்புவார். அக்கா அவர்கள் மார்பை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஸ்டிக்கரை ஒட்டி, அதில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைக் கிளிப்பில் மாட்டுவார். ஒரு சீட்டும் கொடுப்பார். தலை சுற்றினால், கண் இருட்டினால் எத்தனை மணிக்கு என்று அதில் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து வருவார்கள். அக்கா கருவியைக் கழற்றித் தடுப்பின் மேலாக என்னிடம் நீட்டுவார். அதற்குப் பிறகு என் வேலை.

கருவி தன் சொந்த முறையில் எழுதும். டாக்டரின் கணினியில் இருக்கும் சாஃப்ட்வேருக்கு அந்த முறை தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவது நான்.

கேட்பதற்கு எளிது. ஆனால் கருவியின் கோப்பு துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது தொடங்கிய நேரம் எழுதியிருக்கும். சிக்னல் நின்றுபோனால் கருவி துடிப்பு எதையும் எழுதாது, திரும்ப வந்ததும் புதுத் துண்டு தொடங்கும். நேரங்களைப் பார்த்தால் நடுவில் எவ்வளவு விடுபட்டது என்று தெரிந்துவிடும். டாக்டரின் சாஃப்ட்வேர் ஏற்கிற கோப்பில் அந்த ஏற்பாடு இல்லை. உச்சியில் ஒரே ஒரு தொடக்க நேரம். அதன் கீழே விநாடிக்கு இருநூற்றைம்பது எண்கள், மூன்று நாளுக்கும், இடைவிடாமல். அந்தக் கோப்புக்கு விடுபடுதல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது.

ஆனால் உலகத்தில் விடுபடுகிறது. ஸ்டிக்கர் கழலாது, ஆட்கள் கழற்றுவார்கள். குளிக்கப் போகும்போது கிளிப்பை எடுத்துவிடுவார்கள். அரித்தால் எடுத்துச் சொறிந்துகொண்டு திரும்ப மாட்டுவார்கள். அப்போதெல்லாம் பதிவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை என்ன செய்வது என்பதுதான் என் தொழில்.

ஓட்டையை விட்டுவிட்டுத் துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டிவிடலாம். அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு வருகிற எல்லா நேரமும் முன்னால் நகர்ந்துவிடும். நோயாளி நான்கு மணிக்குத் தலை சுற்றியது என்று சீட்டில் எழுதியிருப்பார், டாக்டர் நான்கு மணி என்று நினைத்து நாலேகாலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நான் ஒருநாளும் செய்ததில்லை. நேரம் தப்பாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

ஓட்டையில் பூஜ்யங்களை நிரப்பலாம். முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். பூஜ்யம் என்றால் திரையில் நேர்க்கோடு. நேர்க்கோட்டைப் பார்த்தால் சாஃப்ட்வேர் இதயம் நின்றுவிட்டது என்று சிவப்புக் கொடி போடும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அரிப்பு தாங்காமல் கிளிப்பை எடுத்து எடுத்து மாட்டியிருந்தார். அவர் கோப்பைத் திறந்த டாக்டர் இன்டர்காமில் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? இந்த மனுஷன் மூணு நாள்ல நாப்பத்தோரு தடவ செத்துப் பொழைச்சிருக்காரா?"

"இல்ல சார்... கிளிப்பு..."

"கிளிப்போ கிழங்கோ. ஒவ்வொரு கொடியா அழிச்சிட்டு உக்காந்திருக்க எனக்கு நேரமில்ல. ஓட்டை இல்லாத ஃபைல் குடு. எப்படிக் குடுப்பியோ, அது உன் பாடு."

என் பாடு என்று அவர்தான் சொன்னார். இதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓட்டைக்குச் சற்று முன்னால் அதே ஆளின் பத்து விநாடித் துடிப்பை எடுத்து, ஓட்டை நிறையும்வரை திரும்பத் திரும்ப வைத்து, ஓரங்களைத் தடம் தெரியாமல் இணைத்துவிடும். ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம். யாருடைய நெஞ்சிலிருந்து எடுத்தேனோ அவருக்கேதான் திருப்பிக் கொடுத்தேன். வெளியிலிருந்து ஒரு துடிப்புகூடக் கொண்டுவந்ததில்லை. அக்கா தடுப்பின் மேல் தலையை நீட்டி இதைப் பார்த்துவிட்டு, "அட, கிழிஞ்ச இடம் தெரியாம தைக்கிறியே" என்றார். அன்றிலிருந்து எனக்கு டெய்லர் என்று பெயர்.

ஆரம்பத்தில் நிரப்பிய இடத்தில் எல்லாம் ஒரு குறி வைத்தேன். இது அசல் அல்ல என்று காட்டும் குறி. டாக்டர், "ஏன் ஃபைல் பூரா எறும்பு ஊருது?" என்றார். குறிகளை எடுத்துவிட்டு, நிரப்பிய இடங்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக உடன் அனுப்பினேன். ஒரு கோப்பை யாராவது திறந்தார்களா என்பது அதன் தேதியில் தெரியும். ஐந்து மாதம் யாரும் திறக்கவில்லை. ஆறாம் மாதம் அனுப்புவதை நிறுத்தினேன். நிறுத்தியதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் ஊழியர் கூட்டத்தில் டாக்டர் எழுந்து, "மத்த இடத்துலேர்ந்து வர்ற ஃபைல் எல்லாம் சல்லடை. நம்ம பொண்ணு குடுக்கறது பட்டுத்துணி" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன் யாரும் என்னைப் பற்றி எழுந்து நின்று பேசியதில்லை.

இப்போது நான்காம் பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் கருவியில் ஒரு வழக்கம் உண்டு. கோடு மூன்று விநாடிக்கு மேல் அசையாமல் இருந்தால், கிளிப் கழன்றுவிட்டது என்று அதுவாக முடிவு செய்துகொண்டு, அந்த மூன்று விநாடியையும் அழித்துவிட்டு, எழுதுவதை நிறுத்திவிடும். பேட்டரி மிச்சம். இதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கோடு அசையாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

கருவி இன்னோர் எண்ணையும் எழுதுகிறது. ஸ்டிக்கருக்கும் தோலுக்கும் தொடர்பு எப்படி இருக்கிறது என்று விநாடிக்கு ஒருமுறை. சிக்னல் எழுதாத நேரத்திலும் இதை மட்டும் எழுதும். கிளிப் கழன்றால் அந்த எண் உச்சத்துக்கு ஏறிவிடும். நான் மாற்றித் தரும் கோப்பில் அதற்கு இடம் இல்லை, அதனால் அதைப் பார்ப்பதும் இல்லை. ஒரு திங்கட்கிழமை, வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. மதியம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பதிவு. நான்கு விநாடி ஓட்டை. அந்த நான்கு விநாடியும் தொடர்பு எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

கிளிப் கழலவில்லை. நின்றது வேறு.

எதையும் அரைகுறையாக விட எனக்குப் பிடிக்காது. பழைய அசல் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு வாரம் மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலான ஓட்டைகள் வெறும் குளியல். ஒன்பது பேருடையது அப்படி இல்லை. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு வேறு வழியாகத் தெரியவந்து, வேறு இடத்தில் பேஸ்மேக்கர் வைத்துவிட்டிருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார், வயது எண்பத்து நான்கு. மீதி ஆறு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதையும் ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பதிவு எண்களை நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் தருகிறேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். உனக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எழுப்பி உட்கார வைக்க வேண்டும். ஒன்பது பேருக்காக அறுநூற்று மூன்று பேர். டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவார்கள். பட்டுத்துணி என்று சொன்னவர் அவர். நான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன்.

ஒருமுறை இன்டர்காமை எடுக்கவும் செய்தேன். இரண்டாம் எண்ணை அழுத்தினேன்.

"சொல்லு" என்றார் டாக்டர்.

"சார்... பிரிண்டர்ல பேப்பர் தீர்ந்துடுச்சு சார்."

"அத ஏம்மா எங்கிட்ட சொல்ற?"

வைத்துவிட்டேன். நான் முயற்சியே செய்யவில்லை என்று யாரும் எழுதக் கூடாது.

இதற்கு ஒரு மாதம் கழித்து அக்காவின் கணவர் வந்தார். நான் மாமா என்பேன். கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பவர். முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். அக்காவை அழைத்துப்போக வரும்போதெல்லாம் தடுப்பின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு என்னோடு பேசுவார். நான் பதில் சொல்லமாட்டேன் என்று தெரிந்து, என் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். "என்னம்மா, நல்லாருக்கியா? நல்லாருக்கேன் மாமா. சாப்டியா? சாப்டேன் மாமா. அப்படியா, நல்ல பொண்ணு." அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவர் வருவது எனக்குப் பிடிக்கும்.

அந்த முறை அவரை அக்கா சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்.

"ஏணியில நிக்கும்போது கண்ணு இருட்டுதாம் இவருக்கு. ரெண்டு மாசமா. எங்கிட்ட சொல்லல. கூட வேலை பாக்கறவரு சொல்லித் தெரியுது."

"வெயிலு" என்றார் மாமா.

"நிழல்ல அடிக்கும்போதும் வெயிலா? படுங்க பேசாம."

அக்கா மழிக்கத் தொடங்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "டெய்லரு, இங்க நடக்கற அநியாயத்தைக் கேளு. நெஞ்சுல முடியும் போச்சு, வீட்டுல மரியாதையும் போச்சு."

"இருந்தாத்தானே போறதுக்கு" என்றார் அக்கா.

கருவியை மாட்டி அவரை அனுப்பிவிட்டு அக்கா என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக உட்காரமாட்டார். இன்னும் மூன்று வாரத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர் வேலை தொடங்குகிறது என்றார். "இதுல ஏதாவது தெரிஞ்சா பேஸ்மேக்கர் வச்சிரலாம்டி. வச்சுட்டு பத்து வருஷம் இருவது வருஷம் எத்தனை பேரு நல்லாருக்காங்க, நாமதான் பாக்கறோமே. ஒண்ணும் தெரியலன்னா மேல ஏறிருவாரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு. அந்தக் கோடு சொன்னாத்தான் கேப்பாரு."

ஆகவே என்ன நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

திங்கள் மாட்டியது வியாழன் காலை வந்தது. சீட்டில் ஒரே ஒரு வரி. பெயர்ப்பலகை எழுதுவதுபோல் அழகாக எழுதியிருந்தார். "புதன் மதியம் 3.20. ஏணியில் கண் இருட்டியது. இறங்கி உட்கார்ந்தேன். சரியானது."

கருவியின் கோப்பைத் திறந்தேன். இரண்டு ஓட்டை. செவ்வாய் விடிகாலையில், அவர் தூக்கத்தில் இருக்கும்போது, ஏழு விநாடி. புதன் மூன்று மணி பத்தொன்பது நிமிடத்தில் பதினோரு விநாடி. தொடர்பு எண்ணைப் பார்த்தேன். மூன்று நாளும் ஒரே எண். ஏறவில்லை, இறங்கவில்லை. ஓட்டைக்குள்ளும் அதே எண். அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார் அக்கா. நான்காம் பக்கத்தில் நீங்கள் திருத்த வேண்டியது இதுதான்.

தடுப்பின் மேல் அக்காவின் முகம் தெரிந்தது.

"என்னடி, ஏதாவது இருக்கா?"

"இன்னும் மாத்தலக்கா."

"உன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"எப்பவும் இப்படித்தானேக்கா இருக்கு."

சிரித்தார். "அதுவும் சரிதான்."

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை தலையை நீட்டவில்லை, கதவு வழியாக உள்ளே வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லு. டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

"சுத்தமா இருக்குக்கா."

"மூணு இருவதுல?"

"அங்கயும் சுத்தமா இருக்கு."

அக்கா இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். "நீ சொன்னா போதும். டாக்டர் சொல்றது அப்புறம்" என்றார். அவர் உடுப்பில் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

டாக்டர் பார்த்தார். சீட்டில் எழுதியிருந்த நேரத்துக்கு நேராகப் போனார். கண் இருட்டிய அதே நிமிடத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு முறை மாட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார். சீட்டு இருந்ததால் சந்தேகமே வரவில்லை. இதயம் அல்ல, காதில் ஏதோ, காது டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அவர் முன்னால் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. அவரை நீங்கள் ஐந்து பக்கத்துக்குக் கேள்வி கேட்டிருப்பது அநாவசியம்.

வெளியே வந்த மாமா, "நெஞ்சு முடி போச்சு, அடுத்தது காது முடி. ஒரு ஆளை எத்தனை இடத்துலதான் சிரைப்பீங்க?" என்று கேட்டார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். இருவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

பத்தொன்பது நாள் கழித்து மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். பக்கத்துச் சாரத்தில் இருந்தவர் சொன்னதை நீங்களே பதிவு செய்திருக்கிறீர்கள். கால் வழுக்கவில்லை. கத்தவில்லை. பிரஷ் முதலில் விழுந்தது, பிறகுதான் அவர். இதைக் கேட்டபோதுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. பதிவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று புகார் எழுதிக் கொடுத்தது அவர்தான். நீங்கள் அசலைக் கேட்டீர்கள், நான் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தேன். எந்த அசலையும் நான் அழித்ததில்லை. அதில் இரண்டு ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒட்டியவர் மேல் எழுதிவிட்டீர்கள். தொடர்பு எண்ணைப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. போன செவ்வாய்க்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "என் ஸ்டிக்கராடி கழண்டுச்சு? நான் சரியா துடைக்கலியா?" என்று கேட்டார். எனக்கு நேரில் பேச வராது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முறை, எனக்குத் தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் வேறு முறை என்று செய்ய முடியாது. அப்படிச் செய்திருந்தால் பாரபட்சம் என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். மாமாவின் கோப்பில் மட்டும் ஓட்டையை அப்படியே விட்டிருந்தால் டாக்டர் ஏன் என்று கேட்டிருப்பார். அன்று மாலைக்குள் அந்த ஒன்பதும் வெளியே வந்திருக்கும். நான் பார்க்க வேண்டியது ஒரு கோப்பை அல்ல, எல்லாக் கோப்புகளையும். நிரலுக்கு யார் மாமா, யார் வாத்தியார் என்று தெரியாது. அதற்கு முன்னால் எல்லோரும் ஒன்று. எத்தனை பேரால் அப்படி இருக்க முடியும்? உங்களால் முடியுமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிழையைத் திருத்துகிறேன் என்று தொடங்கிவிட்டு ஓர் இடத்தை விட்டுவிட்டால் நான் எழுதியதும் நான்காம் பக்கம் போலத்தான் ஆகும். நீங்கள் அசலில் ஓட்டைகளை மட்டும் பார்த்தீர்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு விநாடிகளை என் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஓட்டையை நிரல் நிரப்பியது. அதில் பிரச்சினை இல்லை. புதன்கிழமை ஓட்டையையும் அது நிரப்பியது, இரண்டு நிமிடத்தில், எல்லோருக்கும் செய்வதுபோல. ஆனால் மாமாவின் இதயம் அன்று சட்டென்று நிற்கவில்லை. நிற்பதற்கு முன் ஆறு துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு விநாடி இடைவெளி விட்டு, தயங்கித் தயங்கி வந்திருக்கிறது. நிரல் அந்தத் துடிப்புகளையே எடுத்து ஓட்டையில் வைத்திருந்தது. மாற்றிய கோப்பை டாக்டரின் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி பத்தொன்பது நிமிடத்தில் மஞ்சள் கொடி விழுந்தது. துடிப்பு மிக மெதுவாக இருக்கிறது என்ற கொடி. டாக்டர் அதை விடமாட்டார். சீட்டில் இருக்கும் நேரமும் அதுவே. நிரலை அதன் போக்கில் விட்டிருந்தால், அன்று மதியமே மாமாவை ஆபரேஷனுக்குப் படுக்க வைத்திருப்பார்கள். அதற்கு முன் என்னிடம் அசலைக் கேட்டிருப்பார்கள்.

அந்தக் கோப்பை மூடினேன். கையாலேயே செய்தேன்.

தூக்கத்தில் எடுத்த துடிப்பைப் போட முடியாது. ஏணியில் நிற்கிறவருக்குத் துடிப்பு கொஞ்சம் வேகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். செவ்வாய் காலை பத்து மணி வாக்கில் அவர் ஏணியில் ஏறியிருக்கிறார். கோட்டில் தெரிந்தது. அங்கிருந்து இருபத்து மூன்று விநாடி எடுத்தேன். ஓட்டைக்குப் பதினொன்று. மீதிப் பன்னிரண்டை அந்த ஆறு துடிப்பின் மேல் வைத்தேன். அங்கே ஓட்டை எதுவும் இல்லை. கருவி ஒழுங்காகப் பதிவு செய்திருந்தது. அவருடைய நெஞ்சிலிருந்து வந்தது. அதைத்தான் எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் மூச்சின் ஏற்ற இறக்கம் பொருந்தும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று.

மூன்று வருடத்தில் வேறு எந்த நோயாளிக்காகவும் நான் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து செய்ததில்லை. அக்காவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.